பெட்டித்துரையின் நாலாவது தோள்

"மாசி, செவ்வாய்க்கிழமை. காலையில் மழை இல்லை. ரப்பர் இலை உதிர்ந்துகொண்டிருக்கிறது. பத்து மணியளவில் நாலு வெள்ளை முக்காடுகள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலைக் கடந்து போயின. தூக்குகிறவர் யார் என்று தெரியக் கூடாது என்பது ஏற்பாடு. தெரிந்தது."

என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். ருவான்வெல்லைக்கும் தெரணியகலைக்கும் நடுவே உள்ள மலைகளில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுப்பவன் நான். ஆஸ்பத்திரி என்றால் மூன்று கட்டில்களும் ஓர் அலமாரியும். தோட்டத்தில் பிறப்பு இறப்பு எழுதிவைப்பதும் என் வேலை என்பதால் தேதி பார்க்கும் பழக்கம் கையோடு வந்துவிட்டது. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் வந்தேன். அங்கே இருந்ததைவிட இங்கே இருந்த காலம் இப்போது அதிகம். ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் அட்டைக்கடியைப் பற்றிக் கேட்கிறார்கள், மழையைப் பற்றிக் கேட்கிறார்கள், எப்போது திரும்பி வருவாய் என்று கேட்கிறார்கள். இங்கே ஒருவர் செத்தால் யார் தூக்குகிறார்கள் என்று எவரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாது. ஊரில் பாடை கட்டுகிறவர், தப்படிக்கிறவர், குழி வெட்டுகிறவர், மாற்றுத்துணி விரிக்கிறவர் என்று ஒவ்வொரு வேலைக்கும் பிறக்கும்போதே ஆள் குறித்திருக்கும். சேதி போனால் அவரவர் வந்து நிற்பார்கள். தோட்டத்தில் அப்படியில்லை. பத்து ஊர்க்காரர்களைக் கங்காணிமார் தனித்தனியாகக் கூட்டிவந்து ஒரே மலையில் இறக்கிவிட்டார்கள். வழக்கம் முழுவதும் கப்பலேறி வந்தது. அதைச் செய்கிற ஆட்களில் பாதிப்பேர் வரவில்லை. அந்த இடைவெளியில் தோளைக் கொண்டுவந்து வைத்தவர் ஓர் இத்தாலியர்.

கார்லோ என்பது அவர் பெயர். தோட்டத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. பெட்டித்துரை என்றால் தெரியும். பக்கத்துப் பட்டணத்து மாதாகோயிலில் சலவைக்கல் பீடம் வைப்பதற்காகக் கல்தச்சராக வந்தவர். பீடம் முடிந்ததும் திரும்பியிருக்க வேண்டும். "மழை நிக்கட்டும், போறேன் என்று இருந்தேன். இன்னும் நிக்கவில்லை," என்பார். சலவைக்கல் இல்லாத நாட்டில் கல்தச்சருக்கு வேலை இல்லை, மரத்துக்கு மாறினார். காய்ச்சலில் இறந்த ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு அரைநாளில் சவப்பெட்டி செய்து கொடுத்ததிலிருந்து அதுவே தொழிலாயிற்று. தோட்டத்தை நடத்தும் எங்கள் பெரிய துரை, வண்டிப்பாதையோரம் ரப்பர் உலர்த்திய பழைய புகைக்கூடத்தை அவருக்குப் பட்டறையாகக் கொடுத்தார். பதிலுக்குத் தோட்டத்து ரப்பர் அனுப்பும் பெட்டிகளைச் செய்து தர வேண்டும். சிறிசேன பாஸ் என்ற சிங்களத் தச்சர் அவருக்குத் துணை. சவப்பெட்டிக்கும் ரப்பர் பெட்டிக்கும் ஒரே பலகைதான். பலகையில் தோட்டத்து முத்திரை குத்தியிருந்தால் அதை உள்பக்கம் திருப்பி ஆணி அடிப்பார். ஏன் என்று கேட்டேன். "வெளியே இருக்கிறவனுக்கு எந்தத் தோட்டம் என்று தெரியும். உள்ளே இருக்கிறவனுக்கு மறந்துவிடும்," என்றார்.

வெள்ளைக்காரர்களின் கிளப்புக்கு அவரைக் கூப்பிட்டதில்லை. அவர் இங்கிலீஷ்காரர் அல்ல, கையால் வேலை செய்கிறவர், அதுவும் அந்த வேலை. எங்கள் ஆட்களுக்கும் கணக்கு வேறாக இல்லை. சாவுப் பண்டத்தைத் தொடுகிறவருக்கு நம்மிடம் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது. தோலின் நிறம் அதை மாற்றவில்லை. பெண் பார்க்கப் புறப்பட்டவர்கள் அவர் எதிரே வந்தால் 'சலாம் துரை' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்படுவார்கள். இரண்டு வாசலுக்கும் வெளியே நின்ற ஒரே வெள்ளைக்காரரை நான் பார்த்தது இங்கேதான். அவர் கல்யாணம் செய்துகொண்டது கீழ் லயத்து அருளாயியை. லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் அறைகள். மேல் லயத்தில் பெரிய கங்காணியும் அவருடைய உறவுக்காரர்களும் இருந்தார்கள். நடு லயத்தில் பலவகையானவர்கள். ஓயா என்கிற சிற்றாற்றுக் கரையோரம் இருந்த கீழ் லயத்தில் தப்படிக்கிறவர்களும் அவர்களில் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்தவர்களும். கார்லோ தமிழ் கற்றது அருளாயியிடமும் அவள் அண்ணன் வீரனிடமும். அவர்கள் மேல் லயத்துக்காரரை எப்படி அழைப்பார்களோ அப்படியே இவரும் அழைத்தார். ஒரு வெள்ளைக்காரர் தலையிலிருந்த தொப்பியை எடுத்துக்கொண்டு கங்காணியை "சாமி" என்று கூப்பிட்டதை நான் நேரில் கேட்டேன். கங்காணி சுற்றுமுற்றும் பார்த்தார். தன்னைத்தான் என்று தெரிந்ததும் மீசையைத் தடவிக்கொண்டார். அதற்குப் பிறகு கார்லோவைத் திருத்த அவர் எவரையும் விடவில்லை.

வந்த புதிதில் சாவு வீட்டில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வாசலில் குனிந்து, "போயிட்டு வாறேன்" என்பார். பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுக் கதவைப் பிடித்துக்கொள்வார்கள். வீரன்தான் ஒருநாள் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"மச்சான், எழவு வீட்டுல வாறேன்னு சொல்லக் கூடாது. நீ பெட்டிக்காரன் வேற. வாறேன்னா எதுக்கு வருவே?"

"அப்போ என்ன சொல்வது?"

"ஒண்ணும் சொல்லாம போ."

"சொல்லாமல் போவது மரியாதை இல்லை, வீரா."

"அதான் மரியாதை. இங்க."

அன்றிலிருந்து வாயைத் திறக்காமல் தொப்பியை மட்டும் தூக்கி இறக்கிவிட்டுப் போனார். அந்தத் தொப்பி தூக்கல் எங்கள் தோட்டத்தில் வழக்கமே ஆகிவிட்டது. தொப்பி இல்லாதவர்கள் தலைத்துண்டைத் தூக்கினார்கள்.

சீமையில் நடந்த பெரிய சண்டை முடிந்த வருஷத்து விஷக்காய்ச்சலில் அருளாயி இறந்தாள். எந்த லயத்திலும் எழுந்து நிற்கக்கூடிய ஆண்கள் குறைவு. இடுகாடு ஓயாவுக்கு அப்பால் இருக்கிறது. வண்டி போகாது, ஒற்றையடிப் பாதையும் ஒரு மரப்பாலமும்தான். பெட்டிக்கு நாலு மூலை. வீரன் இருந்தார், சிறிசேன பாஸ் இருந்தார், கார்லோ இருந்தார். நாலாவது ஆள் கேட்டுக் கார்லோ மேல் லயத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். கங்காணி மரியாதையாகத்தான் பேசினார்.

"ஒங்க வீட்டுச் சாவுக்கு ஒங்க ஆளுங்க தூக்குவாங்க துரை. எங்க வீட்டுதுக்கு எங்க ஆளுங்க. அதுதானுங்களே மொறை?"

"என் ஆள் மூன்று பேர்தான், சாமி."

"அதுக்கு நான் என்னங்க செய்ய?"

திரும்பி வந்து பெட்டியின் பின்பக்கம் குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டி, அதன் நடுவில் தாமே தோளைக் கொடுத்தார். மூன்று தோளில் அவள் போனாள். மரப்பாலத்தில் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தபோது வீரன் 'ஐயோ' என்றார். கார்லோ தம் பாஷையில் "பியானோ, பியானோ" என்றார். மெதுவாக என்று அர்த்தம். எனக்கு வலது தோள்பட்டை இளவயதில் மூட்டு விலகிக் கூடியது. கை காதுக்கு மேல் ஏறாது, பாரம் நிற்காது. நான் பின்னால் நடந்தேன்.

அடுத்த சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் புகைக்கூடத்தில் கூட்டம் போட்டார். ரப்பர் புகை நாற்றம் இன்னும் சுவரில் இருந்தது. மூன்று லயத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், வேடிக்கை பார்க்கவாவது. அவருடைய ஊர் பிளாரென்ஸ் பட்டணத்துக்கு அப்பால் ஒரு மலையூராம். அங்கே ஒரு சகோதர சபை உண்டாம். கோயில் மணி அடித்தால் ரொட்டி சுடுகிறவரும் வக்கீலும் கசாப்புக்காரரும் செய்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, தலையிலிருந்து முழங்கால்வரை மூடிய அங்கியை மாட்டிக்கொண்டு, கண்ணுக்கு மட்டும் துளை விட்ட முக்காட்டோடு பிணத்தைத் தூக்குவார்களாம். யார் தூக்கினார் என்று செத்தவர் வீட்டுக்குத் தெரியாது. தூக்கியவரும் வெளியில் சொல்லமாட்டார். இங்கேயும் அப்படிச் செய்வோம், லயத்துக்கு ஒருவராவது என்றார். பின்வாசல் வழியாக வாருங்கள், இருட்டறையில் மாட்டிக்கொள்ளுங்கள், முன்வாசல் வழியாகப் போங்கள்.

"நன்றி சொல்ல ஆள் தெரியாதே," என்றார் நடு லயத்துக் கிழவர் ஒருவர்.

"அது பரவால்ல தாத்தா," என்றார் வீரன். "திட்ட ஆள் தெரியாம போயிருமே, அதான் சங்கடம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் யோசனை சும்மா இல்லை என்று எனக்கு அப்போதே தோன்றியது. முறை கெட்டுவிடும் என்பதைவிட, முறை கெட்டது பிறருக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் பலருடைய பயம். முகத்தை மூடிவிட்டால் பயம் போய்விடும். இத்தாலிக்காரருக்கு இவ்வளவு நம் ஆட்களைத் தெரிந்திருக்கிறதே என்று வியந்தேன். ருவான்வெல்லைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த காதர் நானாவிடம் காடாத்துணி வாங்கப் போனபோது அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எங்கட ஆக்கள்ல மையித்துக்குத் தோள் குடுக்க ஓடி வருவாங்க, அது நன்மை. நீங்க மூஞ்சிய மூடிக்கிட்டா குடுக்கப் போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே முழம் போட்டார். நான் சங்கத்தின் எழுத்தரானேன். பெட்டிக்குப் பின்னால் நடந்து, தோள் மாற்ற வேண்டிய இடத்தில் கைமணி அடிப்பது என் பொறுப்பு.

முதலில் இறந்தது வீரனின் தாய். அதுதான் மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. கார்லோவும் நானும் பின்வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒருவர் வந்தார், துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு. இன்னொருவர். பிறகு இரண்டு பேர் சேர்ந்தே. கார்லோ எண்ணவில்லை, எழுந்து நின்றுகொண்டார். நாலு வெள்ளை அங்கிகள் முன்வாசல் வழியாக வெயிலுக்கு வந்தன. வாசலில் கொண்டுவந்து வைத்திருந்த பெட்டியின் நாலு மூலையும் ஒரே உயரத்தில் எழுந்தன. அவர் முகத்தில் அன்று கண்டதை மகிழ்ச்சி என்று எழுதலாமா தெரியவில்லை. தொப்பியைத் தூக்கி, இறக்க மறந்து நின்றார்.

பால் வெட்டுகிற பெண்கள் மலைச்சரிவில் மரத்துக்கு மரம் நின்றுகொண்டு பார்த்தார்கள். நான் பெட்டிக்குப் பின்னால் போனதால் அவர்கள் பேசியது எல்லாம் காதில் விழுந்தது.

"ஏண்டி, முன்னால எடப்பக்கம் போறது ஒன் கொழுந்தன் இல்ல?"

"எதை வச்சுச் சொல்றே?"

"பெருவெரல்ல நகம் இல்லையே. போன வருசம் புல்லு வெட்டுற கத்தி பட்டுச்சே."

"அட ஆமா. அப்ப பின்னால போறது ராமாயி புருசன். அந்தக் குதிகால் வெடிப்பு மேல் லயத்துலயே அவனுக்குத்தான்."

"பாவம், மூஞ்சிய மூடிக்கிட்டு வேர்க்க வேர்க்கப் போறான்."

இடுகாட்டிலிருந்து திரும்புவதற்குள் நாலு பெயரும் மூன்று லயத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. எங்கள் தோட்டத்தில் பிறந்த நாள் தொட்டு எல்லோரும் வெறுங்காலோடு நடக்கிறவர்கள். குனிந்து பால் சிரட்டையும் புல்லும் பார்த்தே பழகிய கண்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் தலை குனிந்து நிற்கும்போது அடுத்தவருடைய முகம் தெரியாது, கால் தெரியும். அட்டை கடித்த தழும்பு, சேற்றுப்புண், மிஞ்சி போட்டுத் தேய்ந்த விரல், கல் குத்திய பள்ளம். யாருடைய கால் எது என்பதில் தவறு வராது. முகத்தை மூடச் சொன்னவர் காலை நினைக்கவில்லை. அவருடைய ஊரில் எல்லோரும் சப்பாத்துப் போட்டவர்கள்.

அன்று மாலை கோயில் முற்றத்தில் கங்காணி மேல் லயத்து இரண்டு பேரையும் நிறுத்தினார். ஓயாவில் தலைமுழுகச் சொன்னார். பிறகு தம் இடது காலைத் திண்டின்மேல் தூக்கி வைத்தார். அவருக்கு அந்தக் காலில் ஆறு விரல். தோட்டத்துக் குழந்தைகள் எண்ணக் கற்றுக்கொள்வதே அந்தக் காலைப் பார்த்து என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

"பாருங்கடா. இதை வச்சுக்கிட்டு நான் தூக்கினா மூணு தோட்டத்துக்குத் தெரியும். மூஞ்சிய மூடினா மானம் மூடிருமா? இனிமே மேல் லயத்துலேர்ந்து ஒருத்தன் அந்தப் பின்வாசல்ல நொழைஞ்சா, அவன் அங்கயே இருந்துக்கட்டும்."

மறுநாள் கார்லோ ஆஸ்பத்திரிக்கு வந்து, எப்படித் தெரிந்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் தம் சப்பாத்தை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தாலியில் செய்த கனத்த தோல் சப்பாத்து, அடியில் ஆணி. இருபது தடவையாவது அடி மாற்றியிருப்பார். "எல்லோருக்கும் சப்பாத்து வாங்க முடியாது," என்றார் கடைசியில். "சேறு பூசலாமா?" என்றார் பிறகு. முழங்கால்வரை சேறு பூசி ஒருதரம் பார்த்தார்கள். பாலத்துக்கு முன்னாலேயே மழை கழுவிவிட்டது.

சங்கம் நிற்கவில்லை, சுருங்கியது. கீழ் லயமும், நடு லயத்தில் சிலரும், சிறிசேன பாஸும் தூக்கினார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஆட்கள்தான், என்றாலும் முக்காட்டை விடவில்லை. வீரன் பாலத்தில் ஏறும்போது "பியானோ" என்பார், மற்றவர்களும் திருப்பிச் சொல்வார்கள். சாவுக்கு வந்த வெளித்தோட்டக்காரர்கள் அதை ஏதோ மந்திரம் என்று நினைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷங்களில் கார்லோ தோட்டத்துக்கு ஒரு தலைவராகவே ஆகிவிட்டார், தலைப்பாகை கட்டாமல். சண்டையைத் தீர்க்க அவரிடம் போனார்கள். சாவு வீட்டு ஆட்களையும் காலைப் பெரட்டுக்கு வரச் சொல்லிப் பெரிய துரை உத்தரவு போட்டபோது, இவர் பங்களா வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று காலைகள் தொடர்ந்து நின்றார். நாலாவது நாள் துரை அரைநாள் விடுப்புக் கொடுத்தார். அந்த அரைநாள் மேல் லயத்துக்கும் கிடைத்தது. கங்காணி அதை வாங்கிக்கொண்டார்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. மரங்களில் பால் வெட்டாமல் விட்டார்கள். கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியதில் கீழ் லயம் பாதி காலியாயிற்று. வீரன் போகவில்லை; அம்மாவும் தங்கச்சியும் இங்கே படுத்திருக்க நான் அங்கே போய் யார் சாவுக்குத் தப்படிக்க என்றார். அந்தக் காலத்தில்தான் கார்லோவுக்கு நெஞ்சு பலவீனமாகிக் காலில் நீர் கோத்துக்கொண்டது. சப்பாத்து ஏறவில்லை. இருட்டறைச் சுவரோரம் கழற்றி வைத்துவிட்டுப் பட்டறையில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். லயத்துப் பெண்கள் முதன்முதலாக அவர் காலைப் பார்த்தார்கள். வெளுத்த, வீங்கிய கால். சுண்டுவிரல் உள்ளே மடங்கியிருக்கும்.

"இப்பத்தான் மச்சான் நீ நம்ம ஆளு," என்றார் வீரன். "காலு தெரிஞ்சிருச்சு."

கார்லோ சிரித்தார். ஆனால் அவருக்கு ஒரு கவலை இருந்தது. அருளாயிக்குப் பக்கத்தில் தமக்கு இடம் விட்டு வைத்திருந்தார். ஒரு வெள்ளைக்காரரைத் தோட்டத்து இடுகாட்டில் புதைப்பதில் பெரிய துரைக்குச் சம்மதமில்லை. பட்டணத்துக் கல்லறையில் வெள்ளைக்காரருக்கு வேலி போட்ட இடம் இருக்கிறது. துரை கெட்ட மனிதர் அல்ல. பட்டறைக்கே வந்து பேசினார். நான் இருவருக்கும் நடுவே நின்றேன். இருவரும் இங்கிலீஷ் பேசினாலும், நடுவாள் அவசியமில்லாத இடத்தில்கூட என்னைப் பார்த்தே பேசினார்கள்.

"ஆற்றைக் கடந்து கொண்டுபோக நாலு பேர் இருந்தால் உங்கள் விருப்பம். மூன்று பேர் தூக்கிப் பாலத்தில் நழுவவிட்டால் அது தோட்டத்துக்கு அவமானம். நாலு பேர் இல்லாவிட்டால் லொறியில் பட்டணத்துக்கு," என்றார் துரை.

அவர் போன பிறகு கார்லோ என்னைக் கேட்டார். "நாலு வருமா, மருந்தையா?"

நான் எண்ணினேன். வீரன். அவர் மருமகன் சூசை. சிறிசேன பாஸ். நடு லயத்தில் தூக்குகிறவர்கள் கப்பலேறிவிட்டார்கள். "தெரியாது," என்றேன். அவரிடம் பொய் சொல்வது சரியாகப் படவில்லை.

ஐப்பசி மழையில், ஞாயிறு விடியலில் இறந்தார். உடம்பு பெரியது, பெட்டியை அவரே முன்பே செய்து, முத்திரை உள்ளே வரும்படி அடித்து வைத்திருந்தார். காலையில் இரண்டு விஷயம் குறித்துக்கொண்டேன். பெரிய துரை முந்தைய நாளே கொழும்புக்குப் போய்விட்டதாகப் பங்களாவில் சொன்னார்கள். பெரிய கங்காணிக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது, போய்ப் பார்த்தேன். போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நாடி சரியாக இருந்தது. கேட்டபடி ஒரு போத்தல் கலவை கொடுத்துவிட்டு வந்தேன்.

வண்டிப்பாதையில் லொறி வந்து நின்றது. டிரைவர் ஒரு சிங்களப் பையன். தலையை ஸ்டியரிங்மேல் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வீரனும் சூசையும் பாஸும் அங்கியை மாட்டிக்கொண்டு பெட்டியின் மூன்று மூலையில் நின்றார்கள். நாலாவது அங்கி இருட்டறை ஆணியில் தொங்கியது. ஜெபம் சொல்ல வேண்டிய கோயில் உபதேசியார் மழையில் வந்து சேரவில்லை. சூசையே ஜெபம் சொன்னார். ஜெபம் முடிந்தது. எவரும் எவரையும் பார்க்கவில்லை. வீரன் மூங்கிலை எடுத்தார். தங்கச்சிக்குக் கட்டியது போலக் குறுக்கே கட்டலாம் என்று நினைத்திருப்பார். பாஸ், "பாலம் வழுக்குது. பே, மாத்தயா. முடியாது," என்று என்னிடம் தலையை ஆட்டினார். நான் கைமணியை வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினேன். இடது தோளில் எவ்வளவு தூரம் தாங்கும் என்று யோசித்தேன். பாலம்வரை தாங்கலாம் என்று பட்டது.

பின்வாசல் திறந்த சத்தம் கேட்டது. நாங்கள் நாலு பேரும் முன்னறையிலேயே நின்றோம். போய்ப் பார்க்கக் கூடாது என்பது அவர் வைத்த விதி. இருட்டறையில் துணி சரசரத்தது. பிறகு மரத்தரையில் ஆணிச் சப்பாத்தின் சத்தம். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த சத்தம். சூசை சிலுவை போட்டுக்கொண்டார். அங்கி மாட்டிய உருவம் ஒன்று வெளியே வந்து நாலாவது மூலையில் நின்றது. அதன் காலில் சுவரோரம் இருந்த கார்லோவின் சப்பாத்து.

வீரன் அந்தச் சப்பாத்தைப் பார்த்தார். முக்காட்டைப் பார்க்கவில்லை. "தூக்கலாங்களா?" என்றார். யாரிடமும் இப்படி 'ங்க' போட்டு அவர் பேசி நான் கேட்டது குறைவு. பெட்டி ஒரே உயரத்தில் எழுந்தது.

லொறிக்காரப் பையன் விழித்துக்கொண்டு, "எப்பாத?" என்று கேட்டான், வேண்டாமா என்று. "எப்பா மல்லி. யன்ன," என்றார் வீரன் முக்காட்டுக்குள்ளிருந்து. வேண்டாம் தம்பி, போ. மேல் லயத்து வாசல்களில் பெண்கள் நின்றார்கள். எல்லோருடைய பார்வையும் நேரே கீழே போனது. போய், அங்கேயே நின்றது. மழையைத் தவிர வேறு சத்தம் இல்லை. அந்தத் தோட்டத்தில் ஒரு பிணம் அப்படிப் பேச்சில்லாமல் போனதை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. பாலத்தில் வீரன் "பியானோ" என்றார். மூன்று குரல்தான் கேட்டது. நாலாவது ஆளின் நடை தளரவில்லை. நம் வழக்கப்படி தலை தெற்கே, அருளாயிக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். நாலாவது ஆள் ஒரு பிடி மண் போட்டார். தலையின்மேல் கையைக் கொண்டுபோய், இல்லாத தொப்பியையோ தலைத்துண்டையோ தூக்குவதுபோல முக்காட்டின் நுனியைச் சிறிது தூக்கி இறக்கினார். பிறகு ஓயாவில் முழுகாமல், மற்றவர்களுக்கு முன்பாக, ரப்பர் காட்டு வழியாகப் போய்விட்டார். நான் பட்டறைக்குத் திரும்பியபோது அங்கி ஆணியில் தொங்கியது. சப்பாத்து சுவரோரம் பழைய இடத்தில், சேறு வழித்து, சோடியாக.

யார் என்பது பற்றி எனக்குத் தெரிந்தவற்றை மட்டும் எழுதுகிறேன். புதன்கிழமை கங்காணியின் மனைவி மருந்துக்கு வந்தாள்.

"புண்ணுக்குக் களிம்பு வேணுங்க."

"யாருக்கும்மா? எங்க புண்ணு?"

"புண்ணுன்னா புண்ணு தாங்க. களிம்பு குடுங்க மருந்தையா."

கொடுத்தேன். கங்காணிக்குக் கொடுத்த கலவைப் போத்தல் திரும்பி வந்தபோது மூடிகூடத் திறக்கப்படவில்லை. இது ஒரு பக்கம். பெரிய துரையின் சப்பாத்தும் தோட்டம் முழுக்கத் தெரிந்த சப்பாத்துதான்; பழுப்புத் தோல், வலது நுனியில் நாய் கடித்த தடம். தெரியக் கூடாது என்று நினைத்தால் அவரும் வேறு சப்பாத்துதான் தேட வேண்டும். எப்போதும் நடந்தே மலை பார்க்கிறவர் அந்த வாரம் முழுவதும் குதிரையில் போனார். கொழும்பிலிருந்து எந்த நாள் திரும்பினார் என்று பங்களாச் சமையற்காரரைக் கேட்டேன். திங்கள் என்றார், பிறகு ஞாயிறு என்றார், பிறகு எனக்கு எதுக்குங்க வம்பு என்றார். ஆறு விரல் அந்தச் சப்பாத்தில் நுழையுமா என்றும் பார்க்க நினைத்தேன். பட்டறையில் சப்பாத்து இல்லை. சிறிசேன பாஸ் அதைக் குழிக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டார். வீரனிடம் கேட்டதற்கு, "நாலு தோளு வந்துச்சு, மருந்தையா. அம்புட்டுத்தான் கணக்கு," என்றார். மேல் லயத்திலிருந்து அதன் பிறகு பின்வாசல் வழியாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கங்காணி எவரையும் தலைமுழுகச் சொல்லவில்லை. அதுவும் எதையும் நிரூபிக்காது, காலம் மாறியிருக்கலாம்.

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தேன். இனிமேல் இங்கேயே இருந்துவிடு என்றார்கள். அண்ணன் வீட்டில் ஒரு பெரிய காரியம் நடந்தது. அவரவர் முறைக்கு ஆட்கள் தாமாக வந்து நின்றார்கள். ஒருவரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பந்தலில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தபோது என் முன்னே கால்கள் போய்வந்துகொண்டிருந்தன. நிமிர்ந்து பார்த்தால் முகம் எல்லாம் தெரிந்த முகம். குனிந்தால் ஒரு காலும் யாருடையது என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் கப்பலுக்குக் கிளம்பினேன். இங்கே பெரட்டுக்களத்தில் விடிகாலையில் போய் நின்றால், முகம் இருட்டில் இருக்கும்போதே இன்னார் இன்னார் என்று என்னால் சொல்ல முடிகிறது. எல்லோருடைய காலும் தெரியும். ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை நாலாவது மூலையில் நடந்த கால் யாருடையது என்பது மட்டும் இதை எழுதும் இன்றுவரை எனக்கு உறுதியாகவில்லை.